செம்பனைத் திணை: ஒரு கொள்ளையிலக்கணம், மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் சொல்லாமல் தொடங்கினால் அது நூலே ஆகாது என்பதில் பழைய உரைகாரர்கள் கறாராக இருந்தார்கள். ஆகவே முறைப்படி: நூற்பெயர் மேலே கண்டது. நுதலிய பொருள், மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்ற ஓர் அரசு சூறையாடப்பட்ட வகைகளும் அவற்றின் துறைகளும். காலம், 1892 முதல் இன்றுவரை. கேட்போர், அருங்காட்சியகத்தில் பொருளைப் பார்த்த கையோடு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படிக்கிற பழக்கமுள்ளவர்கள். பயன் என்று தனியே எதையும் நான் வாக்களிக்கவில்லை.

எல்லை சொல்லும்போது ஒரு குழப்பத்தை அறுத்துவிட வேண்டும். இன்று வரைபடத்தில் பெனின் என்ற பெயரோடு இருக்கும் குடியரசு பழைய தகோமே. 1975-ல்தான் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. நம் நூலின் பெனின் வேறு. அது நைஜீரியாவின் தென்பகுதியில் உள்ள எடோ மக்களின் நாடு. தலைநகர் பெனின் நகரம். அரசருக்கு ஓபா என்று பட்டம்.

காரணம் யாதெனில்: புறத்திணை ஏழு என்றார் தொல்காப்பியர். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் அதைப் பன்னிரண்டாக்கினார். பின்னால் வந்தவன் பதின்மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். சேர்க்க வேண்டிய தேவையும் இருக்கிறது. வெட்சி மறவர்கள் பூச்சூடிப் போனார்கள். ஒற்றறிந்தார்கள், ஊரை அழித்தார்கள், மாட்டை ஓட்டிவந்தார்கள், பங்கு பிரித்தார்கள், கள் குடித்தார்கள். இத்தனைக்கும் துறை வகுத்த இலக்கணத்தில், மாட்டைப் பறிகொடுத்தவனுக்கே ‘ஓட்டிவந்த கூலி இவ்வளவு’ என்று சீட்டு அனுப்புவதற்கு மட்டும் துறை இல்லை. சங்ககாலத்து மறவனுக்கு அது தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது.

திணைக்குப் பூ வேண்டும். மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் எண்ணெய்ப்பனையின் பூவை எடுத்துக்கொண்டேன். அந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அன்று அதன் எண்ணெய் இல்லாமல் இங்கிலாந்தின் எந்திரங்களுக்கு மசகு இல்லை, சவர்க்காரம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. நைஜர் கழிமுகத்தைத் தம் காப்பாட்சியில் கொண்டுவந்த ஆங்கிலேயர் 1885-ல் அதற்கு ‘எண்ணெய் ஆறுகள்’ என்றே பெயரிட்டார்கள். சரக்கின் பெயரையே நாட்டுக்கும் வைத்துவிட்டால் இரண்டு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லை. 1893-ல் கொஞ்சம் கூச்சம் வந்து ‘நைஜர் கரைக் காப்பாட்சி’ என்று மாற்றினார்கள்.

நூற்பா 1

வெட்சி என்ப நிரைகவர் தொழிலே;
கவர்ந்ததன் கூலி உடையோன் கையில்
பெறுவது செம்பனை என்மனார் புதியோர்.

உரை: இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பதின்மூன்றாம் புறத்திணையின் பொதுவிலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ‘உடையோன்’ என்றது பொருளுக்கு உடையவனை. ‘கூலி’ என்றதனுள் படைச்செலவு, கப்பல் வாடகை, தோட்டா, அருங்காட்சியகத்துப் பராமரிப்பு அனைத்தும் அடங்கும்.

எடுத்துக்காட்டு பெனினுக்கு மேற்கே, அசாந்தே நாட்டிலிருந்து. 1874 பிப்ரவரியில் கார்னெட் உல்ஸ்லியின் படை குமாசி நகருக்குள் புகுந்தது. அரண்மனைப் பொன்னை அள்ளியது. பிறகு அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்து ஊருக்கும் தீ வைத்தது. ஃபோமெனாவில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, இவ்வளவும் செய்து முடித்த செலவுக்காக அசாந்தே அரசு 50,000 அவுன்ஸ் பொன் தரவேண்டும். ஏறத்தாழ ஒன்றரை டன். அந்தப் பாக்கியைக் காட்டித்தான் 1896-ல் மறுபடியும் படை வந்தது. அசாந்தே அரசர் பிரெம்பே ஒரு பகுதியை உடனே தருவதாகவும் மீதியைத் தவணையில் கட்டுவதாகவும் சொல்லிப் பார்த்தார். தவணை கிடையாது என்று கைது செய்து நாடு கடத்தினார்கள். 1924 வரை அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. தவணை என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்திருக்கட்டும். கடைசித் துறையில் தேவைப்படும்.

நூற்பா 2: கைநாட்டுக் கோடல்

நீட்டிய தாளில் தொட்டது போதும்;
தொடாது விடினும் தொட்டதாக் கொளலே.

உரை: 1892 மார்ச்சில் துணைத்தூதர் ஹென்றி கால்வே பெனின் நகருக்கு வந்தார். ஓபா ஒவொன்ராம்வென் அரியணை ஏறி நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. கால்வே நீட்டிய ஒப்பந்தத்தின்படி, ஓபா மகாராணியின் பாதுகாப்பை விரும்பி ஏற்கிறார். எந்த நாட்டு வணிகரும் அவர் நாட்டில் எங்கும் தடையின்றி வாணிகம் செய்யலாம். எழுதுகோலைத் தொட ஓபா மறுத்துவிட்டார். தம் தலைவர்கள் தொடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவர்கள் தொட்டார்கள், அது போதுமென்று கால்வே தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஓபாவிடம் இருந்ததெல்லாம் சந்தையைத் திறக்கவும் சாத்தவும் உள்ள உரிமைதான். அவருடைய காட்டில் யானை விழுந்தால் தந்தம் இரண்டில் ஒன்று அரண்மனைக்கு. மற்றதையும் முதலில் வாங்கும் உரிமை அரண்மனைக்கே. பனையெண்ணெயும் பிசினும் ரப்பரும் ஆற்றங்கரைக்குப் போக வேண்டுமானால் ஓபாவின் ஆட்கள் வழியாகவும், இட்சேகிரி இனத்து இடைத்தரகர் வழியாகவும்தான் போகவேண்டும். திறை வரவில்லை என்றால் சந்தையை மூடிவிடுவார். அதுவரை அது அரசுரிமை. தாளைச் சுருட்டிக்கொண்டு போன நாள் முதல் ஒப்பந்த மீறல். இத்துறையின் நுட்பமே அதுதான்: குற்றத்தை முதலில் எழுதி வைத்துவிட்டால், குற்றவாளி தன் வழக்கமான வேலையைப் பார்த்தாலே போதும்.

ஒத்த நிகழ்ச்சிகள் இரண்டு. ஒபோபோவின் ஜாஜா, பனையெண்ணெய் வாணிகத்தில் லிவர்பூல்காரர்களை அவர்கள் ஆட்டத்திலேயே வென்றவர். 1887-ல் ஹாரி ஜான்ஸ்டன் என்ற தூதர் உயிருக்கு உத்தரவாதம் சொல்லிப் பேச்சுக்கு அழைத்தார். போனவர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். 1891-ல் திரும்பும் வழியில் இறந்தார். இட்சேகிரித் தலைவர் நானா ஒலோமுவின் எப்ரோகிமியைப் பீரங்கி வைத்து அழித்தது 1894-ல். இடைத்தரகர் ஒவ்வொருவராக விலகியபின் ஆற்றுக்கும் காட்டுக்கும் நடுவே மிஞ்சியவர் ஓபா ஒருவர்தான்.

நூற்பா 3: செலவு முன்னெண்ணல்

பழியது பின்வரும் பயனது முன்வரும்;
செலவுக் கணக்கே சினத்தினும் முதலே.

உரை: இந்நூலின் உயிர்நாடியான சூத்திரம் இது. பள்ளிப் பாடங்களிலும் பழைய படைக்குறிப்புகளிலும் பெனின் கதை 1897 ஜனவரியில் தொடங்கும்: அமைதியாகப் போன ஆங்கிலேயர் கொல்லப்பட்டார்கள், அதற்குத் தண்டனையாகப் படை வந்தது என்று. கதையை இரண்டு மாதம் முன்னால் தள்ளிப் படிக்கவேண்டும். 1896 நவம்பரில், தலைமைத் தூதர் பொறுப்பைத் தற்காலிகமாகக் கவனித்துவந்த ஜேம்ஸ் ஃபிலிப்ஸ், ஓபாவைப் பதவியிலிருந்து இறக்க அனுமதி கேட்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். வணிகம் முடங்கிக் கிடக்கிறது என்பது காரணம். படைக்கு ஆகும் செலவைப் பற்றி மேலிடம் கவலைப்படும் என்று தெரிந்த நல்ல அலுவலர் அவர். அதனால் ஒரு வாக்கியம் சேர்த்தார்: அரசரை இறக்கும் செலவை ஈடுகட்டப் போதுமான தந்தம் அரசரின் வீட்டிலேயே கிடைக்கும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது.

அன்றைக்கு ஒருவர்கூடச் சாகவில்லை. பழிவாங்க எதுவும் நடந்திருக்கவில்லை. வரவு செலவுத் திட்டம் மட்டும் தயாராக இருந்தது.

அனுமதி வருமுன்னே ஃபிலிப்ஸ் புறப்பட்டுவிட்டார். அவரோடு எட்டு ஐரோப்பியர், இருநூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கச் சுமைக்காரர். அப்போது பெனினில் இக்வே விழா. அந்த நாட்களில் ஓபா வெளியாரைப் பார்ப்பதில்லை. இப்போது வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். போகாதீர்கள் என்று இட்சேகிரித் தலைவர் டோகோவும் எச்சரித்தார். ஃபிலிப்ஸ் நிற்கவில்லை. ஜனவரி 4 அன்று வழியில் பெனின் வீரர்கள் மறைந்திருந்து தாக்கினார்கள். ஐரோப்பியரில் ஏழு பேர் இறந்தார்கள், இருவர் தப்பினார்கள். சுமைக்காரரில் பலரும் மாண்டார்கள். லண்டன் செய்தித்தாள்கள் ஏழு பேருக்காகவே கொதித்தன.

ஐயனாரிதனார் வெட்சியைத் தன்னுறு தொழில், மன்னுறு தொழில் என்று இரண்டாகப் பிரிப்பார். தானே துணிந்து செய்வது முன்னது, அரசன் ஏவச் செய்வது பின்னது. ஃபிலிப்ஸ் செய்தது தன்னுறு தொழில். அடுத்து வந்த ரியர் அட்மிரல் ஹாரி ராசன் செய்தது மன்னுறு தொழில். ஐந்து வாரங்களுக்குள் சுமார் 1,200 பேரையும் மாக்சிம் துப்பாக்கிகளையும் ராக்கெட்டுகளையும் திரட்டி, காட்டு வழியே சுட்டுக்கொண்டே போய், பிப்ரவரி 18 அன்று நகரைப் பிடித்தார். ஊர்கொலை என்ற பழைய துறை இங்கே மாற்றமின்றிப் பொருந்தும். அரசமாதாவின் வீட்டையும் சில தலைவர்களின் வீடுகளையும் ஆங்கிலேயரே கொளுத்தினார்கள். பிப்ரவரி 21 அன்று அரண்மனையும் நகரின் பெரும்பகுதியும் எரிந்தது மட்டும் தற்செயல் என்று அவர்களுடைய உரை கூறுகிறது. மாற்றுரை சொல்லக்கூடியவர்கள் அப்போது காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நூற்பா 4: பாதீடு

அரசிக் கிரண்டு; அலுவலர்க் கியன்றவை;
எஞ்சிய எல்லாம் ஏலத் தினவே.

உரை: பாதீடாவது, கொண்டுவந்ததைப் பங்கிடுதல். ‘அரசிக்கு இரண்டு’ என்றது இரண்டு தந்தச் சிறுத்தைகளை. உடலெங்கும் செம்பு வட்டங்கள் பதித்துப் புள்ளியாக்கியவை. தலைமைத் தூதர் ரால்ஃப் மூர் மூலம் விக்டோரியா மகாராணிக்குப் போயின. சிறுத்தை பெனினில் ஓபாவின் விலங்கு. பங்கிட்டவர்களுக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, அரசப் பொருள் அரசுக்குத்தான் போயிருக்கிறது என்று ஒரு பொருத்தம் பார்த்துக்கொள்ளலாம்.

‘அலுவலர்க்கு இயன்றவை’ என்பதற்கு ஒரு புகைப்படமே உரை. எரிந்துபோன அரண்மனை முற்றம். பின்னால் மண்சுவர். வெள்ளை அதிகாரிகள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், உடையெல்லாம் அழுக்கு. அவர்கள் முன்னால் தரையில் வெண்கலப் பொருள்கள் குவியலாகக் கிடக்கின்றன, யானைத் தந்தங்கள் விறகு மாதிரி நீட்டிப் போடப்பட்டிருக்கின்றன. வெற்றிக்களிப்பு ஒன்றும் முகத்தில் தெரியவில்லை. வேலை முடித்துக் களைத்த முகங்கள். கள்ளுண்டு களிக்கும் உண்டாட்டுத் துறைக்குப் பொருந்தாத படம் இது, சரக்கெடுப்புக்குத்தான் பொருந்தும்.

‘எஞ்சிய எல்லாம்’ என்றது தகடுகளை. ஒரு வீட்டில் காலங்காலமான புழுதிக்குள் பல நூறு வெண்கலத் தகடுகள் புதைந்து கிடந்ததாகப் படையின் உளவதிகாரி ரெஜினால்ட் பேக்கன் எழுதினார். தந்தக் கணக்குப் போட்டு வந்தவர்களுக்குக் கிடைத்த எதிர்பாராத வரவு அது. ஏறத்தாழ 900 தகடுகள். பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டு வார்ப்பு. 1668-ல் டச்சுக்காரர் ஓல்ஃபர்ட் டாப்பர் பெனின் அரண்மனையை வருணிக்கும்போது, போர்க்காட்சிகள் வார்த்த செம்புத் தகடுகள் மேலிருந்து கீழ்வரை மூடிய தூண்களைப் பற்றிச் சொல்கிறார். ஓபா, அவர் பக்கத்தில் கேடயம் பிடித்த வீரர், கையில் உலோக வளையத்தோடு நிற்கும் போர்ச்சுக்கீசியர், முதலை, மீன், இசைஞர்: எந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தகடு என்ற வரிசையில்தான் அந்த அரசின் வரலாறு இருந்தது. நீளமான கல்வெட்டைப் பெயர்த்துச் சொல் சொல்லாக வெவ்வேறு ஊருக்கு விற்றதைப் போல அந்த வரிசை போயிற்று. எந்தத் தகடு எந்தத் தூணில் இருந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

வெளியுறவுத் துறை தகடுகளை அரசின் சொத்தாக எடுத்துக்கொண்டது. 1897 செப்டம்பரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முந்நூறுக்கு மேல் காட்சிக்கு வைத்தது. சுமார் 200 அதற்கே கிடைத்தன. மற்றவை செலவை ஈடுகட்ட விற்பனைக்கு. ஃபிலிப்ஸின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தந்தத்துக்குப் பதில் வெண்கலம் என்பது மட்டுமே திருத்தம். அலுவலர்களின் சொந்தப் பங்கு லண்டனின் ஏலக்கடைகளில் கைமாறியது. பெர்லின் அருங்காட்சியகத்தின் ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான் கிடைத்ததையெல்லாம் வாங்கினார். இன்று ‘டிஜிட்டல் பெனின்’ என்ற இணையப் பதிவேடு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பட்டியலிடுகிறது. 2022-ல் அது தொடங்கியபோது அவை 20 நாடுகளில் 131 நிறுவனங்களில் இருந்தன. பங்காளிகள் இத்தனை பேர் உள்ள பாதீடு தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய எவருக்கும் எடுத்துக்காட்டாகக் கிடைத்திருக்காது.

பாதீட்டில் பெயர் சொல்லப்படாத பொருள் காடு. ஓபா போனபின் சந்தையைச் சாத்த ஆளில்லை. ரப்பரும் பனையெண்ணெயும் மரமும் தடையின்றி ஆற்றுக்கு இறங்கின. சப்பேலே துறைமுகம் மரத்தாலேயே வளர்ந்தது. அந்த ஊரின் பெயரில் ஒரு மரம் இன்றும் உலகச் சந்தையில் விற்கிறது. கிட்டாரின் முதுகுப் பலகைக்கு நல்லது என்கிறார்கள். காட்டைத் திருப்பித் தரும்படி எந்த அருங்காட்சியகத்திடமும் கேட்க முடியாது.

ஓபாவைப் பற்றியும் ஒரு புகைப்படம் உண்டு. எடுத்தவர் போனி ஊரைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் படக்காரர் ஜொனாதன் அடகோகோ கிரீன். கலபாருக்கு நாடு கடத்திக்கொண்டு போகும் கப்பலில் ஒவொன்ராம்வென் உட்கார்ந்திருக்கிறார். கணுக்காலில் விலங்கு. பின்னால் காவலர்கள். அவர் நேராகப் படப்பெட்டியைப் பார்க்கிறார். 1914-ல் கலபாரிலேயே இறந்தார்.

கடாவும் விடையும்

ஈண்டு ஒருவன் கடாவுவான்: பெனின் தானும் ஆட்களை விற்ற அரசுதானே? நரபலி இட்ட அரசுதானே? அதன் பொருளுக்கு இவ்வளவு அழுகை எதற்கு?

இரண்டும் உண்மை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தகடுகளுக்கான பித்தளையில் பெரும்பகுதி, போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மனில்லா என்னும் வளையக் காசை உருக்கி எடுத்தது. மிளகுக்கும் தந்தத்துக்கும் அடிமைகளுக்கும் அந்த வளையங்களே விலை. தகட்டில் வார்த்திருக்கும் போர்ச்சுக்கீசியனின் கையில் இருப்பதும் அதுதான். ஆகவே அந்த வெண்கலத்தில் விற்கப்பட்ட மனிதர்களின் விலையும் உருகிக் கலந்திருக்கிறது. அடிமைகளின் வழிவந்தவர்கள் சார்பில் அமெரிக்காவில் ஒரு குழு, எங்களுக்கும் இதில் பங்குண்டு என்று 2022-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. அவர்கள் கேட்பதை எளிதில் தட்டிவிட முடியாது. ஆனால் ராசனின் படையில் வந்த எவரும் அந்தக் கணக்கைத் தீர்க்க வரவில்லை, தீர்த்துவிட்டும் போகவில்லை. நரபலி பற்றிய நூல்கள் படை ஊர் திரும்பியபின் விறுவிறுப்பாக விற்றன. பேக்கன் தம் நூலுக்கு வைத்த பெயரே ‘பெனின், குருதி நகரம்’. ஃபிலிப்ஸின் கடிதத்தில் கணக்கு எழுதப்பட்டது தந்தத்துக்கு.

அந்த வளையங்களைச் சோதித்த ஒரு வேதியியல் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. பித்தளையின் தாது ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியைச் சேர்ந்தது என்றது. இதை முன்பே கண்டுபிடித்திருந்தால், பெர்லினில் இருந்தவை தாய்வீடு திரும்பிய பொருள்கள் என்று வாதிட்டிருக்கலாம். ஆய்வு வருமுன்னே ஜெர்மனி உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டது.

தகடுகளை முதலில் பார்த்த அறிஞர்கள் வியத்தல் என்னும் துறையில் நின்றார்கள். எகிப்தியச் சாயல், போர்ச்சுக்கீசியர் கற்பித்தது என்றெல்லாம் எழுதினார்கள். பெனின் நகரத்தின் இகுன் தெருவில் வார்ப்போர் குலம் தலைமுறை தலைமுறையாக மெழுகு வார்ப்பு செய்து வந்தது, இன்றும் செய்கிறது. ஐரோப்பாவின் வார்ப்பு மேதை செல்லினியாலும் இதைவிட நன்றாக வார்த்திருக்க முடியாது என்று லூஷான் மட்டும் நேர்மையாக எழுதினார். அதே கையோடு இன்னும் வாங்கினார்.

நூற்பா 5: நோயின்று உய்த்தல்

ஓம்புதும் என்பார் ஒன்றும் கொடாஅர்;
இரட்டை என்று எண்ணின் விலைக்கே தருவர்.

உரை: ஓட்டிவரும் மாடு வழியில் துன்பப்படாமல் பார்த்துக்கொள்வது வெட்சியில் ஒரு துறை. திருடியதற்குப்பின் வரும் இந்தக் கரிசனம் மிகப் பழையது என்பதற்கே சொன்னேன். செம்பனையில் இது கட்டடமாகவும் சட்டமாகவும் வளர்ந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 900-க்கும் மேற்பட்ட பெனின் பொருள்கள் உள்ளன. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறங்காவலர்கள் எதையும் கைவிட முடியாது. விலக்குகள் சில உண்டு. அவற்றில் ஒன்று, ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை விடலாம்.

இந்த விலக்கின் சுவையை அருங்காட்சியகம் சட்டம் வருமுன்னே கண்டுவிட்டது. 1950 தொடங்கி 1972 வரை முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளை ‘இரட்டை’ என்று ஒதுக்கி விற்றது, மாற்றிக்கொண்டது. வாங்கியவர்களில் ஒருவர் யாரென்று வாசகர் ஊகித்திருப்பார். லாகோஸில் அருங்காட்சியகம் அமைத்துக்கொண்டிருந்த நைஜீரியா. ஒரு தகட்டுக்கு ஓபாவின் முன்னோர் விலை கொடுத்தார்கள், பித்தளையும் வார்ப்போர் கூலியுமாக. படைச்செலவுக்காக அதுவே விலைபோயிற்று. மூன்றாம் முறை பேரன்மார் விலை கொடுத்து வாங்கினார்கள். முதல் நூற்பாவுக்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கொடாமைக்கு எடுத்துக்காட்டு அரசமாதா இடியாவின் தந்த முகம். 16-ஆம் நூற்றாண்டு, ஓபா எசிகியேயின் தாய். தலையைச் சுற்றிலும் தாடி வைத்த போர்ச்சுக்கீசியர் தலைகள் சின்னச் சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கும். 1977-ல் லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவின் சின்னம் அந்த முகம். விழாவுக்காவது இரவல் கொடுங்கள் என்று நைஜீரியா கேட்டது. பழைய தந்தம், பயணம் தாங்காது என்று மறுத்தார்கள். 1897-ல் காட்டு வழியே கடற்கரைக்கும் அங்கிருந்து கப்பலில் லண்டனுக்கும் வந்தபோது தாங்கிய தந்தம். சின்னம் தெருவெல்லாம் இருக்க, முகம் வராமலே விழா நடந்தது.

கரந்தை

ஓட்டிப்போன மாட்டை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் இதை வெட்சிக்குள்ளேயே அடக்கினார்; தனித்திணை ஆக்கியது பின்னவர்கள். 2021 வரை பெனினின் கரந்தையைத் தனித்திணை ஆக்கத் தேவை இருக்கவில்லை.

தனியாளாக மீட்டுக் கொடுத்தவர்களில் மார்க் வாக்கர் குறிப்பிடத்தக்கவர். படையில் வந்த கேப்டன் ஹெர்பர்ட் வாக்கரின் பேரன். தாத்தா கொண்டுவந்தவற்றில் தம்மிடம் வந்த மணி ஒன்றையும் பறவை ஒன்றையும் 2014-ல் பெனின் நகருக்கே கொண்டுபோய் ஓபாவிடம் கொடுத்தார். அந்தப் பறவைக்கு ஒரு கதை உண்டு. இடா அரசோடு நடந்த போருக்கு எசிகியே புறப்பட்டபோது ஒரு பறவை கத்தித் தோல்வி சொன்னது. எசிகியே புள் நிமித்தத்துக்கு அஞ்சவில்லை. பறவையைக் கொன்றுவிட்டுப் போய் வென்றார். திரும்பிவந்து அதன் உருவத்தை வெண்கலத்தில் வார்க்கச் சொன்னார். விழாவில் அதன் அலகைத் தட்டி ஒலி எழுப்புவது வழக்கமாயிற்று: விதி சொன்னது பலிக்கவில்லை என்று. பிறகு அதையும் ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு போனான்.

நிறுவனங்களில் முந்தியது கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி. அதன் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வெண்கலச் சேவல் நின்றது. மாணவர் ஒருவரின் தந்தை 1905-ல் கொடுத்தது. கல்லூரி நிறுவனர் ஆல்காக்கின் பெயரை ஒட்டி அதன் முத்திரையிலேயே சேவல் உண்டு. ஆகவே பொருத்தமான பரிசு என்று நினைத்திருக்க வேண்டும். பெனினில் அந்தச் சேவல் நிற்பது அரசமாதாவின் பீடத்தில். மாணவர்கள் 2016-ல் எதிர்க்க, 2021 அக்டோபர் 27 அன்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாளே அபர்டீன் பல்கலைக்கழகம் ஓபா தலை ஒன்றைக் கொடுத்தது. ஸ்மித்சோனியன் 29, லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகம் 72-க்கு உரிமை மாற்றியது, பெர்லின் ஐந்நூறுக்கும் மேல், அதில் மூன்றில் ஒரு பங்கு பத்தாண்டு பெர்லினிலேயே இரவலாக இருக்கும் என்ற ஏற்பாட்டோடு. நெதர்லாந்து 2025-ல் 119.

மீட்ட நிரை யாருடையது என்ற கேள்விக்குக் கரந்தையில் துறை கிடையாது. மீட்டவன் ஊருக்குக் கொடுப்பான், அவ்வளவுதான். 2023 மார்ச்சில் நைஜீரிய அதிபர் புகாரி, திரும்பிவரும் பொருள்களுக்கு ஓபாவே உடையவர் என்று அறிவித்தார். நாட்டின் பொது அருங்காட்சியகத்துக்கு என்று எண்ணியிருந்த ஐரோப்பியர் திகைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் பங்கை ஒப்படைப்பதைத் தள்ளிப்போட்டது. 126 ஆண்டு யாருடையது என்று கேட்காமல் வைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் அந்த ஐயம் வந்தது. எனக்கும் ஓபாவின் தனிப்பட்ட உரிமையில் தயக்கம் உண்டு. அது எடோ மக்கள் பேசித் தீர்க்க வேண்டியது.

நூற்பா 6: இரவல்

தன்பொருள் தனக்கே தவணையிற் பெறுதல்
இரவல் என்னும் இறுதித் துறையே.

உரை: 2024 மே மாதம் குமாசியின் மன்கியா அரண்மனை அருங்காட்சியகத்தில் அசாந்தேப் பொன்னும் பிறவும் காட்சிக்கு வந்தன. 1874-ல் போனவையும் அவற்றில் இருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து 15, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலிருந்து 17. திருப்பித் தரச் சட்டம் இடம் தராததால் மூன்றாண்டு இரவல். வேண்டுமானால் இன்னும் மூன்றாண்டு நீட்டிக்கலாம். பிரெம்பேக்கு மறுத்த தவணை அவருடைய வாரிசுகளுக்குக் கிடைத்துவிட்டது. மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஃபௌலர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஏழு அசாந்தேப் பொருள்களை நிபந்தனையின்றிக் கொடுத்துவிட்டுப் போனது. அது செம்பனையில் சேராது.

புறனடை

சொன்ன துறைகளில் அடங்காதவற்றையும் ஏற்ற வகையால் அடக்கிக்கொள்க என்று முடிப்பது மரபு. அடங்காத ஒன்று இருக்கிறது. 1973-ல் நைஜீரியாவின் இராணுவ ஆட்சித் தலைவர் யாகுபு கோவன் அரசுமுறைப் பயணமாக லண்டன் சென்றார். ராணி எலிசபெத்துக்குப் பரிசு வேண்டும். வெண்கலத் தலை ஒன்றின் நகலைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. லாகோஸ் அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசி போட்டார். இயக்குநர் எக்போ எயோ நல்லவற்றையெல்லாம் அவசரமாக மறைத்துப் பார்த்தார். இருந்தும் ஒரு பழைய தலை லண்டனுக்குப் போயிற்று. அரண்மனையில் அதை நல்ல நகல் என்றே பதிந்து வைத்தார்கள். முப்பது ஆண்டு அளவுக்கு அப்படியே இருந்தது. 2002-ல் பொன்விழாக் கண்காட்சிக்கு எடுத்தபோதுதான், இது நகலல்ல, பல நூற்றாண்டுப் பழைய அசல் என்று தெரியவந்தது.

யாரும் கவரவில்லை, யாரும் சுடவில்லை. உடையவரே அசலை எடுத்து, நகல் என்று நினைத்தவர்களிடம், தம் செலவில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடைத்துறை என்பாரும் உளர். அரச சேகரிப்பில் அதற்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். இந்நூலில் கொடுக்க என்னிடம் எண் இல்லை.